வடிகான் எங்கே போகிறது?

ஆறு மாசடைவது பற்றி நமது மன்றங்களில் பேச்செழுந்தால் உடனே தொழிற்சாலைகளைச் சாடுகிறோம். அது நியாயமே. ஆயினும் நம் வாசலோரத்து வடிகானைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை.

மலசலகூடக் கழிவுக்குரிய வழி வேறு, மழைநீருக்குரிய வழி வேறு. முன்னது குழிக்கோ சுத்திகரிப்பு நிலையத்துக்கோ செல்லும். வடிகானில் விழுவதோ எவ்விதச் சுத்திகரிப்பும் இன்றி அப்படியே ஓடைக்குப் போகும். இந்த வேறுபாடு தெரியாமல்தான் கராஜ் எண்ணெயும் சாப்பாட்டுக்கடைக் கழுவுநீரும் கானுக்குள் ஊற்றப்படுகின்றன. (தெரிந்தே ஊற்றுவோரும் உளர்.)

கண்டி நகரை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைத்த வாவியின் மிகைநீர் மெதஎல என்னும் கால்வாய் வழியே ஓடி, நகரின் கான்களையும் சேர்த்துக்கொண்டு மகாவலியில் கலக்கிறது. அதற்குக் கீழே பொல்கொல்ல அணை. 1976 முதல் அங்கிருந்து ஆற்றுநீரின் ஒரு பகுதி சுரங்க வழியாகத் திருப்பப்பட்டு, கலாவாவி போன்ற வறண்ட வலயக் குளங்களைச் சென்றடைகிறது. கண்டி வீதியில் கொட்டியதன் பங்காளி, கண்டியையே காணாத ஒரு விவசாயியாக இருக்கலாம். தெளிந்த நீரைக் குடித்துவிட்டு மீதியைக் காலால் கலக்கிய கொழுத்த ஆடுகளை இறைவாக்கினர் எசேக்கியேல் கண்டிக்கிறார் (அதிகாரம் 34). மற்ற ஆடுகள் குடிக்க வேண்டியது அந்தக் கலங்கல் நீரையே.

நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையே மிகக் கெட்டது. வாரக்கணக்காக வீதியில் படிந்த எண்ணெய், தூசி, சாணம், பொலித்தீன் அனைத்தையும் அது ஒரேயடியாக வாரிச் செல்லும். சாணம், உரம், சவர்க்காரத்தூள் ஆகியவற்றிலுள்ள பொசுபரசு தேங்கிய நீரில் பாசியைப் பெருக்கும். பாசி அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் குறைந்து மீன்கள் மடியும்.

ஆகவே வீதியைக் குழாய்நீரால் கழுவிவிடாமல் தும்புத்தடியால் கூட்டி அள்ளுங்கள். வாகனத்தைக் கானருகே அன்றிப் புற்றரையில் கழுவுங்கள். சிறிதளவு அழுக்கை மண் வடிக்கும். கழிவெண்ணெயைத் தகரத்தில் சேர்த்து, வாங்குவோரிடம் கொடுங்கள். வாகனச் சேவை நிலையங்களுக்கு 1980-ஆம் ஆண்டின் 47-ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் தேவை. அதைப் பற்றிப் பிரதேச சபையில் கேட்பது சண்டைக்குப் போவதன்று, நம் உரிமை.

அடுத்த மன்றக் கூட்டத்துக்கு முன், நாலைந்து பேராகச் சேர்ந்து உங்கள் சந்தியிலுள்ள கானைத் தொடர்ந்து நடந்து பாருங்கள். எந்த வீட்டுக் குழாய், எந்தக் கடைக் குழாய் அதில் திறக்கிறது, கடைசியில் எங்கே விழுகிறது, அதற்குக் கீழே குளிப்பவர் யார், குடிப்பவர் யார் என்று ஒரு தாளில் வரைந்து வாருங்கள். ஒக்ரோபர் மழைக்கு முன் இது முடிந்தால் நல்லது.