பழைய இராணுவ ஜீப்பின் உதிரிப்பாகமா?

நுவரெலியா, ஹட்டன் பக்கத்து கராஜ்களிலும் பழைய இரும்புக் கடைகளிலும் பெயர் தெரியாத பாகம் கிடைத்தால் கிரைண்டரைத் தொடவே வேண்டாம், அடையாளமே அழிந்துவிடும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பித்தளைப் பிரஷால் தேய்த்து, மேலே சோக்கைத் தடவுங்கள். மங்கிய எண்கள் தெளிவாகத் தெரியும். புடைத்து நிற்பது பெரும்பாலும் வார்ப்பு எண். அதை மட்டும் நம்பிக் கடையில் கேட்காதீர்கள். ஒரே வார்ப்பிலிருந்து வெவ்வேறு பாகங்களைக் கடைந்தெடுப்பார்கள்.

போல்ட் தலையில் 'எஃப்' எழுத்து இருந்தால் அது இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஃபோர்ட் ஜீப்பினுடையதாக இருக்கலாம். அகன்ற அம்புக்குறி, பிரிட்டிஷ் அரசுச் சொத்தின் முத்திரை.

மரையையும் பாருங்கள். பழைய பிரிட்டிஷ் விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்க, மெட்ரிக் மரைகளுக்கு 60. நட் இரண்டு சுற்றில் இறுகினால் பலவந்தம் செய்யாதீர்கள், பழைய மரை போனால் திரும்பக் கிடைப்பது கடினம். பேரிங் என்றால் வேலை சுலபம்: 6205 என்றிருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை 5ஆல் பெருக்குங்கள், உள்விட்டம் 25 மில்லிமீற்றர்.

பழைய மீற்றர் முகப்பின் ஒளிரும் பூச்சைச் சுரண்டாதீர்கள். அதில் ரேடியம் இருக்கலாம். பிரேக் தூசியை ஊதாதீர்கள், அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கலாம். குண்டோ தோட்டாவோ என்று சந்தேகம் வந்தால் கைவைக்காமல் விலகி, 119இல் பொலிஸை அழையுங்கள்.