விண்டோஸை அப்கிரேட் செய்யலாமா? செய்யும் முன் ஒரு நிமிடம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "புது விண்டோஸ் வந்திருக்காமே, போட்டுவிடலாமா?" நான் ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர். சில மாதங்கள் முன்பு வரை யோசிக்காமல் "போட்டுவிடுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. காரணம், சிவகாசியில் என் மாமாவின் பிரஸ்ஸில் நான் செய்த ஒரு காரியம்.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம்.

ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது என்ன?

கம்ப்யூட்டரின் ஹார்டுவேருக்கும் நீங்கள் பயன்படுத்தும் புரோகிராம்களுக்கும் நடுவில் நின்று வேலை வாங்கித் தருவது ஆபரேட்டிங் சிஸ்டம். பிரிண்டருக்குப் பக்கத்தை அனுப்புவதும், ஃபைலை டிஸ்க்கில் எழுதுவதும் இதன் வேலைதான்.

இதில் இரண்டு சொற்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒரே விண்டோஸுக்கு அவ்வப்போது வரும் திருத்தங்கள் அப்டேட். விண்டோஸ் 10-ஐ விட்டு விண்டோஸ் 11-க்கு மாறுவது அப்கிரேட். அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். அப்கிரேடை மட்டும் யோசித்துச் செய்யுங்கள்.

நன்மைகள்

முதல் நன்மை பாதுகாப்பு. ஒவ்வொரு விண்டோஸுக்கும் மைக்ரோசாஃப்ட் ஒரு முடிவு நாள் வைத்திருக்கிறது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. அந்த நாளுக்குப் பிறகும் கம்ப்யூட்டர் வழக்கம்போல் ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் வழக்கமான முறையில் வராது.

இது சும்மா பயமுறுத்தல் அல்ல. 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுவதும் கம்ப்யூட்டர்களில் இருந்த ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளே திண்டாடின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே வந்துவிட்டது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

இரண்டாவது, புதிய பிரிண்டர், ஸ்கேனர், பிரவுசர் எல்லாம் புதிய விண்டோஸை மனதில் வைத்தே வருகின்றன. மூன்றாவது, தமிழ் வசதி. விண்டோஸ் 11-ல் தமிழ் 99 கீபோர்டு உள்ளேயே இருக்கிறது. யூனிகோடில் டைப் செய்யத் தனியாக எதையும் வாங்கிப் போட வேண்டியதில்லை.

தீமைகள்

விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி ராம், 64 ஜிபி டிஸ்க், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி ஆகியவை வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாவது தலைமுறை பிராசஸரோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பல பழைய கம்ப்யூட்டர்கள் இந்தத் தேர்வில் தேறுவதில்லை. 4 ஜிபி ராமில் ஏறிவிடும், ஆனால் மெதுவாகத்தான் நகரும். பழைய பிரிண்டருக்கு டிரைவர் கிடைக்காமல் போகலாம். இறக்க வேண்டிய ஃபைலும் பல ஜிபி. செல்போன் டேட்டாவை நம்பி ஆரம்பித்தால் பாதியில் நிற்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தீமை, பழைய புரோகிராம்கள் ஓடாமல் போவது. நான் மாட்டிக்கொண்டது இதில்தான்.

நான் செய்த தவறு

2025 அக்டோபர் 1, ஆயுத பூஜை. மாமாவின் பிரஸ்ஸில் மிஷின்களோடு கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். சிவகாசியில் ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் வந்துவிட்டால் டிசம்பர் வரை மூச்சு விட நேரம் இருக்காது. அடுத்த நாள் விடுமுறை, மிஷின் ஓடாது. "விண்டோஸ் 10 காலம் முடியப்போகுது மாமா, நாளைக்கே மாத்திடலாம்" என்றேன். "நீ படிச்சவன், பாத்துச் செய் மாப்ள" என்றார்.

அது 2019-ல் வாங்கிய கம்ப்யூட்டர். தேவையான ஹார்டுவேர் இருந்தது. ஆனால் உள்ளே போட்டிருந்தது 32 பிட் விண்டோஸ் 10. "64 பிட் பிராசஸரில் எவனோ விவரம் தெரியாமல் போட்டிருக்கிறான்" என்று நினைத்தேன். விண்டோஸ் 11-ல் 32 பிட் வகையே கிடையாது. ஆகவே நேரடி அப்கிரேட் முடியாது. டி டிரைவைத் தொடாமல், சி டிரைவை அழித்துப் புதிதாக நிறுவினேன். அழகாக வந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒரு காலண்டர் ஏஜென்ட் பாக்கி தீர்க்க வந்தார். ஏஜென்டுகளின் பாக்கிக் கணக்கு முழுவதும், இருபது ஆண்டுகளாக, டாஸில் எழுதிய ஒரு சிறிய ஃபாக்ஸ்புரோ புரோகிராமில் இருந்தது. மாமா ஐகானைக் க்ளிக் செய்தார். இந்த புரோகிராம் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடாது என்று ஒரு பெட்டி வந்தது. திரும்பத் திரும்ப அதே பெட்டி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டாஸ் காலத்து 16 பிட் புரோகிராம்கள் 64 பிட் விண்டோஸில் ஓடாது. 32 பிட்டில்தான் அதற்கான ஏற்பாடு உண்டு. முன்பு கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்த டெக்னீஷியன் விவரம் தெரிந்துதான் அதைப் போட்டிருக்கிறார். விவரம் தெரியாதவன் நான்.

மாமா என்னைத் திட்டவில்லை. ஏஜென்டிடம் திரும்பி, "அண்ணாச்சி, கம்ப்யூட்டர் இன்னைக்கு லீவு. பாக்கி எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். அவர் சட்டைப் பையிலிருந்து டைரியை எடுத்துத் தொகையை வாசித்தார். மாமா பணத்தை வாங்கி ரசீது எழுதிக் கொடுத்தார். எனக்குத்தான் முகம் தொங்கிப்போனது.

அன்று இரவு பரணில் கிடந்த பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டரை இறக்கினேன். மதர்போர்டு பேட்டரி செத்துப்போய்த் தேதி தவறாகக் காட்டியது. புது பேட்டரி போட்டுத் தேதியைச் சரிசெய்தேன். டி டிரைவில் இருந்த புரோகிராம் ஃபோல்டரைப் பென் டிரைவில் கொண்டுவந்து போட்டதும் ஓடியது. அண்ணாச்சி சொன்ன தொகை ரூபாய் பிசகாமல் சரியாக இருந்தது.

அந்தக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் இணைப்பு கொடுக்கவில்லை. இ-மெயில், ஜிஎஸ்டி வேலை எல்லாம் விண்டோஸ் 11-ல். ஃபாக்ஸ்புரோவின் டிபிஎஃப் ஃபைல்களை இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க் திறக்கும். அதன் மூலம் கணக்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒர்க்‌ஷீட்டுக்கு மாற்றினோம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. உங்களிடம் இருப்பது எது என்று பாருங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போங்கள். விண்டோஸ் எந்த வெர்ஷன், 32 பிட்டா 64 பிட்டா, ராம் எவ்வளவு என்பது தெரியும்.

2. மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் புரோகிராமை ஓட்டினால் விண்டோஸ் 11 ஏறுமா என்று சொல்லிவிடும்.

3. நீங்கள் பயன்படுத்தும் எல்லா புரோகிராம்களையும் பிரிண்டர்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றும் புதியதில் ஓடுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாதம் ஒரு முறை மட்டும் திறப்பதையும் விடாதீர்கள்.

4. ஃபைல்களை வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். அதே கம்ப்யூட்டரின் டி டிரைவில் வைப்பது பேக்கப் ஆகாது. டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்து போகும்.

5. யுபிஎஸ் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். நடுவில் கரண்ட் போனால் வம்பு.

6. முடிந்தால் பழையதை அழிக்காமல் அதன் மேலேயே அப்கிரேட் செய்யுங்கள். பிடிக்காவிட்டால் 10 நாட்களுக்குள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி பகுதியில் 'கோ பேக்' கொடுத்துத் திரும்பலாம். அதுவரை பழைய விண்டோஸ் ஃபோல்டரை டெலீட் செய்யாதீர்கள். என்னைப் போல் அழித்து நிறுவினால் இந்த வழி கிடையாது.

7. வேலை நெருக்கடி உள்ள மாதத்தில் கை வைக்காதீர்கள்.

கம்ப்யூட்டர் தேறவில்லை என்றால்? வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு விண்டோஸ் 10-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அது இடைக்கால ஏற்பாடுதான். இன்டர்நெட், கடிதம், பிள்ளைகளின் படிப்பு மட்டும் என்றால் உபுண்டு போன்ற இலவச லினக்ஸ் போதும். நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கிறது.

புதிதாக வாங்கியவர்களுக்கு என் பதில் இதுதான்: கம்ப்யூட்டர் இன்டர்நெட்டில் இருந்தால், முடிவு நாள் தாண்டிய விண்டோஸை வைத்துக்கொண்டிருக்காதீர்கள். ஆனால் மாற்றும் முன், ஏற்கெனவே இருப்பதை ஒருவர் ஏன் அப்படி அமைத்தார் என்று ஒரு முறை கேளுங்கள். கேட்டிருந்தால் எனக்கு ஒரு போன் செலவோடு முடிந்திருக்கும்.