படத்துக்குச் சட்டம் போடுவோர் கவனத்திற்கு

தை மாதத்திற்கும், சித்திரையில் வரும் வீரபாண்டி திருவிழாவிற்கும் படச்சரக்கு சேர்க்கும் வியாபாரப் பெருமக்களுக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு.

கம்பம் பள்ளத்தாக்கில் சாமி படங்களோடு சரிசமமாக மாட்டப்படுவது, 1895-ல் முடிந்த முல்லைப்பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக் துரையின் படம். அவர் பிறந்த ஜனவரி 15 பொங்கலை ஒட்டியே வருகிறது. கேட்டு வாங்குகிறார்கள். ஆனால் பலர் போட்டோவைக் கண்ணாடியோடு அணைத்து வைத்துச் சட்டம் அடித்துவிடுகிறார்கள். ஐப்பசி அடைமழையில் போட்டோவின் மேல்பூச்சு ஈரத்தில் இளகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் துரையின் முகமே உரிந்து வரும். அப்படத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் மறுமுறை பருப்பு வாங்கவும் நம் கடைப்படி ஏறுவாரா?

நடுவில் மவுண்ட் அட்டை வையுங்கள். 8-க்கு 10 அங்குலப் படமானால் 11-க்கு 14 சட்டம் எடுப்பாக இருக்கும். அட்டையில் வெட்டும் திறப்பு படத்தைவிடச் சற்றுச் சிறிதாக இருந்தால் விளிம்பு மறையும். படத்தை மேல் விளிம்பில் மட்டும் ஒட்டித் தொங்கவிடவேண்டும். நாலு பக்கமும் பசை தடவினால் தாள் விரிய இடமின்றிச் சுருங்கிப்போகும். (மைதாப் பசை வேண்டவே வேண்டாம், பூச்சி வரும்.) சட்டத்தின் பின்புறம் கீழ்மூலைகளில் இரண்டு தக்கைத் துண்டு ஒட்டினால் சுவர் ஈரம் ஏறாது.

திருவிழாவுக்கு வண்டியேற்றும்போது படுக்க அடுக்காமல், நிறுத்தி அடுக்குங்கள்.