பழைய குடியிருப்புத் தெருக்களைச் சோதிக்கும் முறை

புனே நகரின் பழைய பகுதி கஸ்பா, சனிவார், நாராயண், சதாசிவ் முதலிய பேட்டைகளால் ஆனது. இங்குள்ள தெருக்கள் பல, மோட்டார் வண்டி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே அமைந்தவை. அன்று மாட்டுவண்டி சென்ற வழியில் இன்று லாரி செல்கிறது. இத்தகைய தெரு குண்டும் குழியுமாகும்போது, அதன்மேல் மீண்டும் ஒரு தார்ப்படலம் இடுவதே எங்கும் காணும் பரிகாரம். அது தக்க பரிகாரந்தானா, அன்றித் தெருவையே தோண்டிப் புதிதாக அமைக்க வேண்டுமா என்பதைத் துணியும் முறையை இங்கு ஆராய்வோம்.

முதலில் ஓர் எளிய கணக்கு. ஒவ்வொரு முறையும் 5 செ.மீ. கனத்தில் மூன்று முறை தார்ப்படலம் இட்டால் தெரு 15 செ.மீ. உயர்கிறது. இது ஏறத்தாழ ஒரு வாயிற்படியின் உயரம். வீட்டின் தரை உயர்வதில்லை. ஆகவே மழைநீர் வீட்டினுள் புகுகிறது. புதிய மாடி வீட்டுக்காரர் இதனைப் பொருட்படுத்தாதிருக்கலாம். பழைய வீட்டின் தரைத்தளத்தில் குடியிருப்போரே இதன் பயனை அனுபவிப்பவர். இக்காரணம் பற்றியே, பழைய படலத்தைச் சுரண்டி எடுத்த பின்னரே புதியது இடவேண்டும், சாலை மட்டம் உயரலாகாது என்று 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார்.

தெரு கெடுவதற்குத் தலையாய காரணம் நீர். புனேயைச் சூழ்ந்த பகுதி எரிமலைக் குழம்பு இறுகியதால் உண்டான கரும்பாறையின்மீது அமைந்துள்ளது. இப்பாறை சாலைக்குச் சிறந்த ஜல்லியைத் தருகிறது; ஆனால் அதுவே சிதைந்து கரிசல் மண்ணாகிறது. கரிசலின் இயல்பைக் கோவில்பட்டிச் சீமையினர் நன்கு அறிவர். நனைந்தால் பொருமும், உலர்ந்தால் வெடிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் பருவமழையில் இம்மண் தன் வலிமையை இழக்கிறது. அப்போது மேலே எத்துணை நல்ல தார் இருப்பினும் பயனில்லை.

ஆகவே, மேற்பரப்பில் தோன்றும் குறிகளைப் பிரித்தறிதல் வேண்டும். தார் வெளிறி, பொடிக்கற்கள் பெயர்ந்து, நேர்க்கோடாகச் சில வெடிப்புகள் மட்டும் காணப்பட்டால் நோய் மேற்புறத்தது. முதலைத் தோலைப் போன்று வெடிப்புகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால், அடித்தளம் அசைகிறது என்பது பொருள். சக்கரம் செல்லும் தடத்தில் பள்ளம் உண்டாயின், 3 மீட்டர் நீளமுள்ள நேர்சட்டத்தைக் குறுக்கே வைத்து அதன் ஆழத்தை அளந்து குறித்துக்கொள்க. நடுமேட்டையும் அளத்தல் வேண்டும். 6 மீட்டர் அகலமுள்ள தெருவில் குறுக்குச் சரிவு நூற்றுக்கு இரண்டரை எனில், நடுப்பகுதி ஓரத்தைவிட 7.5 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். அவ்வாறு இல்லையேல் நீர் சாக்கடைக்குச் செல்லாது தெருவிலேயே தங்கும்.

அடித்தளத்தின் வலிமையை அறியப் பெங்கல்மன் சட்டம் என்னும் கருவி உதவும். பின் அச்சின் சுமை 8,170 கிலோவாக உள்ள லாரியின் இரட்டைச் சக்கரங்களுக்கு இடையே சட்டத்தின் நுனியை வைக்கிறோம். லாரி மெல்ல முன்னேறியதும், அழுந்தியிருந்த தெரு மீண்டு எழுகிறது. நுனியிலிருந்து சுழலச்சு வரை 2.44 மீட்டர், அதற்கு அப்பால் 1.22 மீட்டர். ஆதலால் அளவி காட்டும் அசைவை இரட்டித்துக் கொள்ளவேண்டும். மண் மிகவும் நலிந்திருக்கும் மழைக்காலத்தை அடுத்தே இச்சோதனையைச் செய்தல் நலம். கோடையில் அளந்தால் தெரு உள்ளதைவிட வலிவுடையதாகத் தோன்றி நம்மை ஏமாற்றும்.

லாரி நுழைய இயலாத சந்துகளில் ஒரு சோதனைக்குழி தோண்டினால் போதும். தார்ப்படலங்கள் எத்தனை, ஜல்லியில் சேறு கலந்துள்ளதா, கீழே சரளையா கரிசலா என்பன கண்கூடாகத் தெரியும். குழாய்கள் செல்லும் இடத்தை முன்னரே அறிந்து தோண்டுக. புனேயின் பழைய பேட்டைகளுக்கு அடியில், பேஷ்வாக்கள் 18ஆம் நூற்றாண்டில் காத்ரஜ் ஏரியிலிருந்து நீர் கொணர்ந்த நிலத்தடிக் கால்வாயின் எச்சங்களும் உள்ளன.

இனி முடிவு செய்வது எளிது. மேற்புற நோய்க்கு வெடிப்பை அடைத்தலும் ஒட்டுப்போடுதலும் போதும். அடித்தளம் உறுதியாகவும் மேற்பரப்பு முழுவதும் நைந்தும் இருந்தால், பழையதைச் சுரண்டி அதே மட்டத்தில் புதியது இடுக. அடித்தளமே நெகிழ்ந்திருந்தால் மட்டுமே முழுச் சீரமைப்பு வேண்டும். அப்போதும் முதற்பணி சாக்கடை, அடுத்தது குடிநீர்க் குழாய், இறுதியிலேயே சாலை. இவ்வரிசை மாறினால், இன்று இட்ட சாலையை நாளை குழாய்க்காக வெட்ட நேரும்.

செம்மையாகச் செய்த வேலை நிலைக்கும் என்பதற்குப் புனேயிலேயே சான்றுண்டு. 1976இல் பத்தாண்டு உத்தரவாதத்துடன் அமைக்கப்பெற்ற ஜங்கிலி மகராஜ் சாலை, அத்தவணை கடந்த பின்னரும் பல ஆண்டுகள் பெரும் பழுதின்றி விளங்கிப் புகழ் பெற்றது.

ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு இதனை ஒரு பயிற்சியாக நடத்தலாம். பள்ளியை அடுத்த தெருவில் பத்து வீடுகளின் வாயிற்படிகளை எண்ணச் செய்க. நீர் நிரப்பிய மட்டக்குழாயால் வீட்டுத் தரைக்கும் தெருவுக்கும் உள்ள உயர வேறுபாட்டை அளக்கச் செய்க. மண்ணுள் மறைந்த படிகள் எத்தனை என்று முதியோரைக் கேட்டறிந்து குறித்தால், அத்தெருவின் வரலாறு முழுவதும் ஒரே பட்டியலில் அடங்கிவிடும்.