எழுத்துக்கு இடம் விடு, மகளே

அன்புள்ள மகளுக்கு,

உன் அலங்கார நாட்குறிப்பை அப்பா கொண்டுவந்து கொடுத்தார். தாள் தேர்வு, வண்ணக் கலவை பற்றியெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு நீ ஒதுக்கிய இரட்டைப் பக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பச்சை. இடப்பக்க மேல்மூலையில் தொடங்கி, நடு மடிப்பைத் தாண்டி, வலப்பக்க அடிவரை ஒரே சாய்வாக இறங்கும் பட்டை. அழகர் எந்த நிறப் பட்டு உடுத்தி வைகையில் இறங்குவார் என்றுதானே மதுரையே காத்திருக்கும்? பச்சை என்றால் அந்த வருஷம் விளைச்சல் செழிக்கும் என்பது ஊர் நம்பிக்கை. நீ அழகரையும் வரையவில்லை, குதிரையையும் வரையவில்லை. ஒரு பட்டையிலேயே திருவிழா வந்துவிட்டது. பத்திரிகைகளுக்குப் பக்கம் வடிவமைத்தே வயதானவன் நான். இத்தனை துணிச்சலான இரட்டைப் பக்கத்தை அங்கேகூட அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் கோபமும் வருகிறது. பட்டை, பூ ஒட்டுப்படம், வாஷி டேப் எல்லாவற்றையும் ஒட்டி முடித்துவிட்டு, மிச்சமிருந்த சந்துகளில் எழுதியிருக்கிறாய். அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையன்று தல்லாகுளம் கூட்டத்தில் பாட்டி செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தாரே, அந்தப் பக்கத்திலேயே நல்ல வரிகள் அவைதான். அவை நடு மடிப்புக்குள் போய் விழுந்து கிடக்கின்றன. நோட்டை அழுத்திப் பிடித்துத்தான் படித்தேன். எழுத வேண்டியதை முதலில் தனித்தாளில் எழுது. எத்தனை வரி வருகிறது என்று தெரிந்த பிறகு பென்சிலால் அதற்கு இடம் குறித்துவை. அப்புறம் டேப்பைக் கையில் எடு.

வாஷி டேப்மேல் எனக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. ஜப்பானின் குராஷிகியில் காமோய் என்ற நிறுவனம், பெயின்ட் அடிப்பவர்கள் ஓரம் மறைக்க ஒட்டும் நாடாவைச் செய்துவந்தது. 2006ல் அந்த நாடாவின் அழகில் மயங்கிய பெண்கள் மூவர் தொழிற்சாலையைப் பார்க்க அனுமதி கேட்டார்கள். அலங்கார நாடாக்கள் அதிலிருந்துதான் பிறந்தன. தாளைக் கிழிக்காமல் பிரிந்து வருவதுதான் அதன் குணம். ஒட்டிப் பார், தள்ளி நின்று பார், வேண்டாமென்றால் பிரித்துவிடு. நீ ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியதில் நோட்டே உப்பிக்கொண்டு மூட மறுக்கிறது.

இன்னொன்று. உன் புள்ளி நோட்டில் புள்ளிக்குப் புள்ளி 5 மி.மீ. ஆங்கிலச் சிற்றெழுத்துக்கு அது போதும். நம் எழுத்தில் மேலே புள்ளியும் மேல்விலங்கும் ஏறும்; கீழே கூ, ழு, று எல்லாம் இறங்கும். 5 மி.மீ. இடைவெளியில் எழுதினால் ஒரு வரியின் கால் அடுத்த வரியின் தலையில் இடிக்கும். உன் பக்கத்தில் எல்லா இடத்திலும் இடிக்கிறது. வரிக்கு இரண்டு கட்டம் விடு. ஏ5 தாளின் உயரம் 210 மி.மீ.; மேலும் கீழும் ஓரம் போக 18 வரிதான் வரும். வரட்டுமே. இடம் போதவில்லை என்றால் பூக்களை எடு.

தலைப்புக்கு ‘மெமரீஸ்’ என்று அச்சடித்த ஆங்கில ஒட்டுப்படம் எதற்கு? தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு கிடையாது. தலைப்பைத் தலைப்பாகக் காட்ட நமக்கிருப்பவை அளவு, தடிமன், சுற்றிலும் விடும் வெற்றிடம், அப்புறம் கை. 1938ல் பிறந்த ஓவியர் ஆதிமூலம் எத்தனை சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் தலைப்பு எழுதிக் கொடுத்தார்! அச்செழுத்தின் விறைப்பை உதறிவிட்டுத் தூரிகையின் வேகத்தில் எழுதினார். தலைப்பைப் பார்த்த மாத்திரத்தில் இது அவர் கை என்று தெரியும். அவர் எழுதிய தலைப்புகளைத் தேடி எடுத்து, மெல்லிய தாளை மேலே வைத்து வரைந்து பார். கோடு எங்கே தடிக்கிறது, எங்கே இளைக்கிறது என்று கைக்குப் புரியும். உன்னால் முடியும். கோடைப் பக்கத்தில் ‘வெயில்’ என்று எழுதியிருக்கிறாயே, அந்த யி ஒன்றுக்காகவே நோட்டை மூடாமல் வெகுநேரம் வைத்திருந்தேன்.

நாங்கள் வேலை செய்த அறையில் வெளிர்நீலப் பென்சிலால் கோடு போடுவோம். அச்சுக்காகப் பக்கத்தைப் படமெடுக்கும்போது அந்த நீலம் கேமராவில் விழாது. எழுத்துகள் பதிந்த புரோமைடு பிரிண்ட்டைப் பிளேடால் வெட்டி, ரப்பர் சொல்யூஷன் தடவி ஒட்டுவோம். ஓர் எழுத்து தப்பென்றால் அந்த எழுத்தை மட்டும் நறுக்கியெடுத்து வேறொன்று வைப்போம். மூத்த ஓவியர் ஒருவர் இருந்தார். முடித்த பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பிச் சுவரில் சாய்த்து, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். எழுத்து படிக்க முடியாமல் போனதும் கனம் எங்கே கூடிக்கிடக்கிறது என்று தெரிந்துவிடும். “இந்த மூலையைக் காலி பண்ணு” என்பார். நல்ல படத்தையே எடுக்கச் சொல்கிறாரே என்று எங்களுக்கு நெஞ்சு கொதிக்கும். எடுத்த பிறகு பக்கம் மூச்சு விடும். சித்திரைப் பக்கத்தை அப்படித் திருப்பிப் பார்த்தேன். வலது கீழ்மூலை பூக்கள் அத்தனையும் போகலாம். பச்சைப் பட்டை முடியும் இடத்தில் வெறும் தாள் இருக்கட்டும்.

அந்த ரப்பர் சொல்யூஷன் வருஷம் போகப் போகப் பழுப்பேறித் தாளையும் கறையாக்கும். செல்லோடேப்பும் அப்படித்தான். நீ பசைக்குச்சியையே வைத்துக்கொள். ஜிகர்தண்டா கடை ரசீதை ஒட்டியிருக்கிறாய். அது வெப்பத்தாள், சில வருஷத்தில் எழுத்தெல்லாம் வெளுத்துவிடும். தேதியையும் தொகையையும் இன்றைக்கே அதன் பக்கத்தில் உன் கையால் எழுதிவிடு.

அன்புடன்,
பெரியப்பா