வெயில் மட்டும் போதுமா?

நம்பிக்கை: வளைகுடாவில் வெயிலுக்கா பஞ்சம்? பேனலை விரித்துவிட்டால் எந்தத் தீவும் தனி கிரிட்டில் ஓடும்.

உண்மை: கட்டடக் கூரைகளில் மாட்டும் சாதாரண சோலார் இன்வெர்ட்டர், ஏற்கெனவே ஓடும் கிரிட்டின் அலையைப் பார்த்து அதோடு சேர்ந்துகொள்கிற வகை. கிரிட் போனால் அதுவும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். உச்சி வெயிலிலும் தனியாக ஒரு பல்பைக்கூட அது எரிக்காது. வோல்ட்டேஜையும் ஹெர்ட்ஸையும் வேறு யாராவது உண்டாக்கித் தர வேண்டும்.

நம்பிக்கை: அதற்கு டீசல் ஜெனரேட்டரை விட்டால் வழியில்லை.

உண்மை: நேற்றுவரை சரிதான். திடீரென லோடு ஏறும்போது, ஜெனரேட்டரில் சுழலும் கனத்த இரும்பு தன் வேகத்தைக் கொஞ்சம் இழந்து அவகாசம் வாங்கித் தருகிறது. ஆனால் சவூதியின் ரெட் சீ சுற்றுலாத் திட்டம் தேசிய கிரிட்டில் இணையாமலே சுமார் 400 மெகாவாட் சோலாரையும் 1,300 மெகாவாட்மணி பேட்டரியையும் நம்பி அமைக்கப்பட்டது. அங்கே பேட்டரியோடு இணைந்த இன்வெர்ட்டர்களே அலையை உருவாக்குகின்றன. அந்த அலை சவூதியில் 60 ஹெர்ட்ஸ், அமீரகத்தில் 50. இந்த வேற்றுமைக்காக வளைகுடா நாடுகளின் பொது இணைப்பில் அல் ஃபாதிலியில் ஒரு பெரிய மாற்றி நிலையமே கட்ட வேண்டியிருந்தது. இன்வெர்ட்டருக்கோ அது மென்பொருளில் மாற்றும் ஓர் எண்.

நம்பிக்கை: கன்ட்ரோல் ரூம்தான் நொடிக்கு நொடி எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிறது.

உண்மை: லோடு மாறிய முதல் சில நொடிகளில் கன்ட்ரோல் ரூமுக்குப் பெரிய வேலை கிடையாது. லேபர் கேம்ப்பில் இரண்டு ஜெனரேட்டர்களைச் சேர்த்து ஓட்டியவருக்கு ‘ட்ரூப்’ தெரிந்திருக்கும். 4 சதவீத ட்ரூப் என்றால், லோடில்லாமல் 52 ஹெர்ட்ஸில் சுற்றும் இயந்திரம் முழு லோடில் 50க்கு இறங்கும். ஹெர்ட்ஸ் கிரிட் முழுக்க ஒன்றே என்பதால், ஒவ்வொரு இயந்திரமும் அதை மட்டும் பார்த்தே தன் பங்கை அறிந்துகொள்கிறது. 1,000 கிலோவாட் இயந்திரம், 500 கிலோவாட் இயந்திரத்தைப் போல இரு மடங்கு லோடை ஏற்கும். இடையில் கேபிளும் வேண்டாம், ஃபோனும் வேண்டாம். மாறாக, லோடைப் பங்கிடும் இணைப்பு எதுவும் இல்லாமல் இரண்டையும் ‘50ஐ விடாதே’ என்று செட் செய்தால் மல்லுக்கட்டும். ஒன்று முழு லோடையும் இழுக்க, மற்றது டிரிப் ஆகும். இறங்கிய ஹெர்ட்ஸைப் பழைய இடத்துக்கு ஏற்றுவதும், எதை ஓட்டினால் செலவு குறைவு என்று பார்ப்பதும்தான் கன்ட்ரோல் ரூமின் வேலை. இன்வெர்ட்டர்களுக்கும் இதே ட்ரூப்பை மென்பொருளில் எழுதிவைக்கிறார்கள்.

நம்பிக்கை: பேட்டரி பெரிதாக இருந்தால் கவலையில்லை.

உண்மை: நேரடியாக ஸ்டார்ட் ஆகும் பெரிய ஏசி கம்ப்ரஸர், அந்தக் கணத்தில் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். பேட்டரியில் எவ்வளவு சேமிப்பு இருந்தாலும், இன்வெர்ட்டர் தன் அளவுக்குச் சற்று மேலேதான் கொடுக்கும். அதனால்தான் கம்ப்ரஸர்களை ஒன்றன்பின் ஒன்றாக, சாஃப்ட் ஸ்டார்ட்டர் வைத்து ஏற்றுகிறார்கள். இன்னொரு வம்பும் உண்டு. எங்காவது ஷார்ட் ஆனால், ஜெனரேட்டர் தள்ளும் கரண்டில் பிரேக்கர் உடனே விழும். இன்வெர்ட்டர் தரும் கரண்ட் அதற்குப் போதாமல் போகலாம். டீசலை நிறுத்தி சோலாருக்கு மாறுகிறவர்கள் பிரேக்கரை விழவைக்கும் பழைய ரிலே செட்டிங்கை அப்படியே விட்டுவைக்கக் கூடாது.