டீசல் பில்ரரை வீட்டிலேயே மாற்ற: தீவக வாகனக்காரருக்குச் சில குறிப்புகள்

வேலணையில் பட்டா லொறி நின்றுபோனால், யாழ்ப்பாண ரவுணில் இருந்து மெக்கானிக் பண்ணைத் தாம்போதியால் வந்துவிடுவார். நெடுந்தீவில் நின்றால், மெக்கானிக்கும் பில்ரரும் குறிகட்டுவானுக்கு வந்து, படகேறி, ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் கடலைக் கடக்க வேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. நின்றது தண்ணீர் பவுசர் இழுக்கிற உழவு மிசின் என்றால், அன்றைக்கு அந்தக் குறிச்சிக்குக் குடிதண்ணீரும் இல்லை. அதனால்தான் தீவில் வாகனம் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் ஒருவருக்காவது இந்த வேலை தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

1. பில்ரரைக் கழற்ற முன்னர் டீசல் தாங்கியின் மூடியைத் திறந்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். வெறுமையாக ஓடும்போது நன்றாக இருந்து, பாரம் ஏற்றியதும் எதிர்காற்றில் இழுவை குறைகிறது, குலுங்குகிறது என்றால் பில்ரர் அடைத்திருக்கலாம். மூடியிலுள்ள மூச்சுத் துவாரம் துருவாலும் புழுதியாலும் அடைபட்டாலும் இதே குணம்தான். மூடியைத் திறந்ததும் இழுவை திரும்பினால் துவாரத்தைச் சுத்தம் செய்யுங்கள்; பில்ரருக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

2. தீவில் பில்ரரின் முதல் எதிரி தூசி அல்ல, தண்ணீர். பாதி வெறுமையாய் நிற்கும் தாங்கிக்குள் ஈரக் காற்று புகுந்து, இரவு குளிர்ந்ததும் உட்சுவரில் வியர்த்து வடிகிறது. தண்ணீர் டீசலை விடப் பாரம் கூடியது, ஆகவே அடியில் தங்கும். பில்ரரின் அடியிலுள்ள சிறு திருகை வாரம் ஒருமுறை தளர்த்தி, கொஞ்சத்தைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் கோடு கட்டி நின்றால் அது தண்ணீர். சுத்த டீசல் வரும்வரை வடியவிட்டுத் திருகை இறுக்குங்கள். கறுத்த வழுவழுப்பான அழுக்கு வந்தால், தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்துவிட்டன. அப்போது தாங்கியையே கழுவ வேண்டும். கழுவாமல் எத்தனை பில்ரர் மாற்றினாலும் ஒவ்வொன்றாக அடைக்கும். மாலையில் வாகனத்தை விடும்போது தாங்கியை நிரப்பி விட்டால் இந்தத் தொல்லையில் பெரும்பங்கு குறையும்.

3. கானிலும் பரலிலும் வைத்த டீசலில் கூடுதல் கவனம் வேண்டும். 2022 இன் எரிபொருள் வரிசைகளையும் கியூஆர் அட்டையையும் கண்ட பிறகு, கையில் கொஞ்சம் வைத்திருக்கும் பழக்கம் பலருக்கு வந்துவிட்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெளியில் நிமிர்த்தி வைத்த பரலின் மேல் மழைத்தண்ணீர் தேங்கும்; பரல் குளிரும்போது அதையே மூடி வழியாக உள்ளே உறிஞ்சும். கூரைக்குக் கீழ் வையுங்கள், முடியாவிட்டால் சாய்த்து வையுங்கள். ஊற்றும்போது அடியில் கடைசி இரண்டு விரல் உயரத்தை விட்டுவிடுங்கள்.

4. மண்ணெண்ணெய் கலக்காதீர்கள். 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் நம்மவர்கள் பெற்றோல் எஞ்சின்களை மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள்; அந்தக் கெட்டித்தனத்துக்குத் தலை வணங்குகிறேன். டீசல் பம்பின் கதை வேறு. அதற்குள் உரசும் பாகங்களுக்கு டீசல்தான் ஓயில். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புப் போதாது, பம்ப் தேய்ந்துவிடும்.

5. வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள். பழைய பில்ரரில் உள்ள இலக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். றப்பர் வளையமும் கொப்பர் வாசரும் கூடவே இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். இரண்டாவதை உறை பிரிக்காமல் பால்மாப் பேணியில் போட்டு இறுக மூடுங்கள். வெளியே கிடந்தால் உப்புக் காற்றில் தகர உடம்பு பாவிக்க முன்னமே துருப்பிடிக்கும்.

6. எஞ்சினை நிறுத்தி ஆறவிடுங்கள். பற்றறியின் நெகற்றிவ் வயரைக் கழற்றுங்கள். பக்கத்தில் அடுப்பு, பீடி, சிகரெட் கூடாது. காற்று மணலை அள்ளும் நேரத்தில் இந்த வேலை வேண்டாம். சுவர் மறைப்புக்கு வாருங்கள். பில்ரரைச் சுற்றியுள்ள அழுக்கைக் கழற்ற முன்னர் தூரிகையால் துடையுங்கள், பிறகு துடைத்தால் அது உள்ளேதான் விழும். நூல் பிரியும் பழஞ்சீலை வேண்டாம்.

7. கழற்றியதும் பழைய றப்பர் வளையம் மேல் தலையிலேயே ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதற்கு மேல் புதியதை வைத்தால் கட்டாயம் ஒழுகும். புதிய வளையத்தில் சுத்த டீசல் தடவி, கையால் திருகுங்கள். வளையம் தொட்ட பிறகு எவ்வளவு சுற்று என்பது பெரும்பாலும் பில்ரரின் உடம்பிலேயே அச்சிட்டிருக்கும்; பொதுவாக முக்கால் சுற்று. ஸ்பனர் போட்டு இறுக்கினால் அடுத்த முறை கழற்றப் படாதபாடு படுவீர்கள்.

புதிய பில்ரரின் நடுத் துவாரத்தில் டீசல் ஊற்றுகிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். நடுத் துவாரம் வடிகட்டி முடிந்த பக்கம்; அங்கே ஊற்றியது நேரே பம்புக்குப் போகும். ஹான்ட் பம்பால் நிரப்புவதே நல்லது. மசி பெர்குசன் போன்ற பழைய மிசின்களில் உள்ள சிஏவி பில்ரரில் நடுப் போல்ட் ஒன்றுதான் எல்லாவற்றையும் பிடித்திருக்கும். கழற்றும்போது அடிக் கிண்ணத்தைக் கையால் தாங்குங்கள், வளையங்கள் இருந்த ஒழுங்கையும் படம் எடுத்து வையுங்கள். புதிய கொப்பர் வாசர் கிடைக்காவிட்டால் பழையதை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிடுங்கள். இளகி மறுபடி பொருந்தும்.

8. எயர் எடுக்காமல் ஸ்ரார்ட் போடாதீர்கள். பில்ரர் தலையிலுள்ள எயர் திருகை ஒன்றிரண்டு சுற்றுத் தளர்த்தி ஹான்ட் பம்பை அமத்துங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழி, கடைசியில் குமிழியில்லாத டீசல். அது வரும்போதே திருகை இறுக்குங்கள். பழைய மிசின்களில் பம்பின் பக்கத்துச் சிறு நெம்பு அசையாவிட்டால் அது பழுதல்ல. எஞ்சினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி அமத்துங்கள். பற்றறி வயரைத் திரும்பப் பூட்டி, ஒரு முறைக்குப் பதினைந்து வினாடிக்கு மேல் ஸ்ரார்ட்டரைச் சுற்றாமல், இடையில் ஆறவிட்டு முயலுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். புதிய கொமன் றெயில் எஞ்சின்களில், எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்ரர் குழாயின் நட்டைத் தளர்த்தவே கூடாது. பழைய எஞ்சினில் செய்த பழக்கத்தில் கை அங்கே போகும். அந்தக் குழாயில் அமுக்கம் 1,000 பாருக்கு மேலும் ஏறும். ஊசி போலப் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சிறு புள்ளியாய்த் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

9. வடித்த டீசலையும் பழைய பில்ரரையும் வளவில் ஊற்றவோ புதைக்கவோ வேண்டாம். நம் நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக் கல். அதற்குள் மேலே மெல்லிய படலமாக நல்ல தண்ணீர், கீழே உப்புத் தண்ணீர். ஊற்றியது கிணற்றுக்கு வரும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து ஊரே பட்ட பாட்டை நாம் கண்டிருக்கிறோம். மூடியுள்ள கானில் சேர்த்து, ரவுணுக்குப் போகும்போது கழிவு ஓயில் எடுக்கிற கராஜில் கொடுங்கள்.

10. மாற்றிய திகதியைப் பெயின்ற்றால் பில்ரரின் மேல் எழுதுங்கள். தீவுக்குள் ஓடும் வாகனத்துக்குக் கிலோமீற்றர் ஏறாது. ஆனால் நிற்கிற நாளெல்லாம் தண்ணீர் சேரும். அதனால் கிலோமீற்றரைப் பார்த்துக் காத்திராமல் மாதக் கணக்கில் மாற்றுவதே சரி என்பது என் எண்ணம். கடைசியாக, எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, காய்ந்த கடதாசியால் பில்ரரைச் சுற்றித் துடைத்துப் பாருங்கள். ஈரம் இல்லாவிட்டால் வேலை முடிந்தது. பேணியில் இருந்த இரண்டாவதை எடுத்திருந்தால், அடுத்த படகில் போகிறவரிடம் இலக்கத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.